அம்மா கழிப்பறைக்குப் போகும் நேரம்

வருஷக் கடைசி வாரம் வந்தால் எங்கள் மேற்பார்வையாளருக்கு ஒரு கிறுக்குப் பிடிக்கும். ஷிஃப்ட் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரையும் ஓய்வறையில் வரிசையாக நிற்க வைத்து, புது வருஷத்துக்கு என்ன தீர்மானம் என்று ஒவ்வொருவராகக் கேட்பார். சொன்ன பிறகுதான் விடுமுறை நாட்களில் யாருக்கு எந்த வேலை என்பதை வாய் திறந்து சொல்வார். ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போய்விட்டு வந்ததிலிருந்து இந்தக் கூத்து. அவர் இடுப்பு பெல்ட்டின் பக்கிள் விமான நிலையத்துச் சோதனை வாசல் எதில் நுழைந்தாலும் கத்தும் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் பீப்.

ஒருத்தர் சிகரெட்டை விடப்போவதாகச் சொன்னார். அவர் வருஷா வருஷம் விடுகிறவர். ஒரு பெண் நீச்சல் கற்றுக்கொள்ளப் போகிறாளாம். என் முறை வந்தது.

"நல்லா தூங்கணும் சார்."

"அது தீர்மானம் இல்லம்மா, ஆசை. தீர்மானம்னா நீங்க எதையாவது செய்யணும்."

"சரி சார். சீக்கிரம் படுத்துக்கறேன்."

பீப் தலையில் அடித்துக்கொண்டார். என் உண்மையான தீர்மானத்தை அங்கே சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பாரோ தெரியாது. இந்த வருஷம் அம்மாவை நான் ஏற்றுக்கொள்ளப் போவதில்லை. அண்ணனே வைத்துக்கொள்ளட்டும். அதுதான் தீர்மானம், அதைப் பல் தேய்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தும் விட்டேன்.

விமான நிலையத்தில் பைகளைப் படமெடுக்கும் இயந்திரத்தின் திரை முன்னால் உட்காருவது என் வேலை. துணியும் சாப்பாடும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும். இரும்பு நீலம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதெல்லாம் பச்சை. விடுமுறைக் காலத்தில் ஊரே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும். பரிசுப் பொட்டலங்களும், குழந்தைகளின் பொம்மை லாரிகளும், யாரோ யாருக்கோ வாங்கிய வாணலிகளும் என் கண் முன்னால் நிழலாக ஊர்ந்து போகும். இதில் ஆபத்தானது எது என்று மட்டும் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் எனக்குச் சம்பந்தமில்லை. இந்த வேலை எனக்கு நன்றாகப் பொருந்திவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் கணவர் இறந்துபோனார். லிஃப்ட் மெக்கானிக். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. நான் அழவில்லை. வீம்பு ஒன்றும் கிடையாது, வரவில்லை, அவ்வளவுதான். உறவுக்காரர்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள், நேரமாகிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, அன்றிலிருந்து எனக்கு உடம்பு முழுக்க அப்படித்தான். வலி இல்லை. அதனால் புகாரும் இல்லை.

இந்த நிலைமையில் ஒருத்தியால் எல்லோருடனும் காலம் தள்ள முடியும், அம்மாவைத் தவிர. அம்மா பள்ளிக்கூட டீச்சராக இருந்தவள். பரீட்சை ஹாலில் வாயைத் திறக்காமல் நடந்தபடியே எந்தப் பிள்ளை முழிக்கிறது என்று கண்டுபிடித்துப் பழகியவள். எனக்கு எதிரில் உட்கார்ந்து என்னைப் பார்ப்பாள். நான் சாப்பிடும்போது பார்ப்பாள், துணி மடிக்கும்போது பார்ப்பாள். ஒரு கேள்வி கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஒரு சண்டையைப் போட்டு முடித்திருப்பேன். அவள் பார்வையில் நான் இன்னும் எழுதாத ஒரு விடைத்தாள் இருந்தது. ஆறு மாதம் அப்படிப் பார்க்கப்பட்டவர்களுக்குத்தான் அது புரியும்.

ஆறு மாதம் என்பது எங்கள் ஏற்பாடு. அப்பா போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்து, ஆறு மாதம் அண்ணன் வீடு, ஆறு மாதம் என் வீடு என்று ஆனது. இரண்டு ஊருக்கும் நடுவில், சாலைகள் பிரிகிற இடத்தில் ஒரு பெரிய பேருந்து நிலையம் இருக்கிறது. வருஷக் கடைசி நாளில் அண்ணன் அங்கே அம்மாவைக் கொண்டுவருவான், நான் கூட்டிக்கொண்டு போவேன். வருஷ நடுவில் நான் கொண்டுபோவேன், அவன் கூட்டிக்கொண்டு போவான்.

முதல் தடவை கைமாற்றியபோது ஒரு ரகளை நடந்தது. அண்ணன் "வரேம்மா" என்று சொல்லிவிட்டுப் படியில் கால் வைத்தான். அம்மா அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். பிடித்தவள் விடவில்லை. கத்தவில்லை, அழவில்லை, பிடித்துக்கொண்டு நின்றாள். பேருந்தில் இருந்தவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஓட்டுநர் ஹாரன் அடித்தார். சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து விழுந்ததும்தான் அம்மாவுக்கே நினைவு வந்து கையை எடுத்தாள். அண்ணன் அந்தப் பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் போனான்.

அதற்கப்புறம் அண்ணன் கண்டுபிடித்ததுதான் இந்த வழக்கம். நெடுநேரம் பயணம் செய்து வருவதால் அம்மா எப்படியும் ஒரு தடவை கழிப்பறைக்குப் போவாள். அவள் உள்ளே போனதும், கொண்டுவந்தவர் நைசாகக் கிளம்பிவிட வேண்டும். திரும்பி வந்து "எங்க அவன்?" என்று கேட்டால், "பஸ் வந்துடுச்சும்மா, உன்னைத் தேடினான்" என்று மற்றவர் சொல்ல வேண்டும். அம்மா "ஓ" என்பாள். யாருக்கும் சங்கடம் இல்லை. அண்ணன் இதைச் செய்தால் நான் பொய் சொல்வேன், நான் செய்தால் அவன் சொல்வான். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை அதுதான்.

அன்றைக்கு நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. சுவரோரம் முழுக்கப் பெட்டிகள், பெட்டிகள் மேல் பிள்ளைகள், பிள்ளைகள் கையில் பிஸ்கட். ஒலிபெருக்கியில் ஒரு பெண் எல்லாப் பேருந்தும் தாமதம் என்பதைச் சந்தோஷச் செய்தி மாதிரி சொல்லிக்கொண்டிருந்தாள். நான் முதலில் வந்துவிட்டேன். ஒரு பெஞ்சின் ஓரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்த்தேன். இல்லை. பசிதான் இருந்தது.

அண்ணனும் அம்மாவும் கசங்கிப்போய் வந்து சேர்ந்தார்கள். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர். டிரைவிங் பள்ளியின் காரை ஊர் எல்லைக்கு வெளியே எடுக்க அனுமதி கிடையாது, அதனால் மாஸ்டர் பேருந்தில் வருவார். கற்றுக்கொள்பவருக்குப் பக்கத்து இருக்கையில் அவனுக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, யார் எதைச் சொன்னாலும் அவன் வலது கால் தானாகத் தரையை அமுக்கும்.

"பஸ் பூரா பிரேக் போட்டுட்டே வந்தான்" என்றாள் அம்மா உட்கார்ந்ததும். "டிரைவர் ரெண்டு தடவை திரும்பிப் பாத்தார்."

"அந்த ஆள் இண்டிகேட்டரே போடலம்மா" என்றான் அண்ணன். பிறகு என்னைப் பார்த்து, "வா, டீ வாங்கிட்டு வரலாம்" என்றான்.

டீக்கடை வரிசை நீளமாக இருந்தது. அங்கிருந்து பெஞ்சும் தெரியும், கழிப்பறை வாசலும் தெரியும்.

"அண்ணா, ஒண்ணு சொல்லணும்."

"நானும் ஒண்ணு சொல்லணும். நீ முதல்ல சொல்லு." மூச்சு விட்டான். "வேணாம், நானே சொல்லிடறேன். இந்த வருஷம் பூரா அம்மா உன்கிட்டயே இருக்கட்டும். பொண்ணு கைக்குழந்தையோட வந்து உக்காந்திருக்கா. எப்பத் திரும்பிப் போவான்னு தெரியல. அம்மா ஹால்ல படுக்கறா. உங்க அண்ணியும் எவ்வளவுதான் செய்வா?"

"நான் சொல்ல வந்ததும் அதேதான்" என்றேன். "என்கிட்ட இல்ல, உன்கிட்ட இருக்கட்டும்னு."

அவன் கால் தரையை அமுக்கியது. "என்ன விளையாடறியா?"

"இல்ல."

"உனக்கென்ன கஷ்டம்? நீ தனி ஆள்தானே."

அந்த வார்த்தை எங்கேயாவது குத்தியிருக்க வேண்டும். குத்தவில்லை. குத்த வேண்டிய இடம் இது என்பது மட்டும் தெரிந்தது. "என்னால முடியல" என்றேன். "எதனாலன்னு கேக்காத."

"காரணமே சொல்லாம முடியலைன்னா எப்படி? எல்லாருக்கும்தான் முடியல. முடியறதுனாலயா செய்யறோம்?"

"அப்ப நீ செய்."

பின்னால் நின்றவர், "சண்டைய அப்புறம் போட்டுக்கங்க, க்யூ நகருது" என்றார். இருவரும் ஒரு அடி நகர்ந்தோம். திரும்பிப் பார்த்தேன். அம்மா மடியில் பையை வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்காது. ஆனால் பரீட்சை ஹாலில் அவள் எப்போதாவது காதை நம்பியிருக்கிறாளா என்ன.

"நீ போய் அம்மாகிட்ட உக்காரு" என்றான் அண்ணன். "டீ வாங்கிட்டு வரேன். உக்காந்து பேசி முடிப்போம்."

போய் உட்கார்ந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் வரிசையில் நிற்கும் அண்ணனின் முதுகைப் பார்த்தாள். பையைத் தூக்கி என் பக்கம் வைத்துவிட்டு எழுந்தாள்.

"பாத்ரூம் போயிட்டு வரேன். கொஞ்சம் நேரமாகும். கூட்டமா இருக்கு."

அவள் கூட்டத்துக்குள் ஒதுங்கி ஒதுங்கி நடந்து கழிப்பறைக்குள் போவதைப் பார்த்தேன். அண்ணன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஒலிபெருக்கிப் பெண் என் ஊருக்குப் போகும் பேருந்து புறப்படத் தயாராக இருப்பதாகச் சொன்னாள். அவன் டீயோடு திரும்பி வருவான், பெஞ்சில் நான் இருக்க மாட்டேன், பை இருக்கும். அம்மா வருவாள். வேறு வழியில்லாமல் கூட்டிக்கொண்டு போவான். வீட்டுக்குப் போனதும் போனில் கத்துவான், கத்தட்டும். கத்தலுக்கெல்லாம் என்னிடம் இடம் இருக்கிறது.

பீப் சொன்ன மாதிரி, தீர்மானம் என்றால் எதையாவது செய்ய வேண்டும். எழுந்தேன். பக்கத்தில் இருந்தவரிடம், "இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கங்க. எங்கண்ணன் டீ வாங்கறார், இப்ப வந்துடுவார்" என்றேன். ஆளில்லாத பையைக் கண்டால் மொத்த இடத்தையும் காலி செய்ய வைக்கும் வேலையில் இருப்பவள் நான். பையை விட்டுவிட்டு நடந்தேன்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அதிர்ஷ்டம்தான். போனைச் சத்தமில்லாமல் வைத்தேன். பேருந்து நிலையத்தை விட்டு வெளியே வந்து, பெரிய சாலையில் ஏறி, கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. முன்னால் கண்ணுக்கெட்டிய வரை வண்டிகள். எல்லாக் கூரையிலும் மூட்டைகள். நிம்மதியாக இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. குற்றவுணர்ச்சியாவது? அதுவும் இல்லை. தீர்மானம் நிறைவேறினால் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

போன் வெளிச்சம் காட்டியது. அண்ணனின் செய்தி. திட்டுத்தான் என்று திறந்தேன்.

"பஸ் ஏறிட்டேன். அம்மாவோட கண் மருந்து பை சைடு ஜிப்ல இருக்கு. சாயந்திரம் போடணும். கோவிச்சுக்காத."

எதற்கு எனக்குச் சொல்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. மறுபடி படித்தேன். பிறகு அவனைக் கூப்பிட்டேன்.

"எங்க இருக்க?"

"பஸ்லதான். போட்டிருந்தேனே."

"டீ?"

"அம்மா பாத்ரூம் போறதைப் பாத்தேன். வழக்கம்போல கிளம்பிட்டேன். அப்புறம் பேசிக்கலாம், நீ முதல்ல அவளை..."

"அண்ணா, நானும் பஸ்ல இருக்கேன்."

அவன் கால் எதையோ மிதித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன். பிறகு மெல்லிய குரலில் கேட்டான். "அம்மா?"

நான் எழுந்து ஓட்டுநரிடம் போனேன். "கதவைத் திறங்க. இறங்கணும்."

"நடு ரோட்ல திறக்கக் கூடாதும்மா."

"விட்டுட்டு வந்துட்டேன்."

"எதை?"

"எங்க அம்மாவை."

பேருந்தே நிமிர்ந்து உட்கார்ந்தது. "பைய விட்டுட்டு வந்தவங்களைப் பாத்திருக்கேன்" என்றார் முன் இருக்கையில் ஒருத்தர், குறையாகச் சொல்கிற தொனியில்கூட இல்லை, ஆச்சரியமாக. ஓட்டுநர் கதவைத் திறந்தார்.

வண்டிகளுக்கு எதிர்த்திசையில் சாலையோரமாக நடந்தேன். ஓடியிருக்க வேண்டும். கால்கள் நடந்தன. அம்மாவின் போனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். பயணத்தில் சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அணைத்து வைத்திருப்பாள், எப்போதும் அப்படித்தான். கார்களுக்குள் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருந்தார்கள். ஒரு சின்னப் பெண் கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். அம்மா கழிப்பறையிலிருந்து வெளியே வந்திருப்பாள். பெஞ்சைப் பார்த்திருப்பாள். "எங்க அவ?" என்று கேட்க, பொய் சொல்ல, அங்கே யாருமில்லை. அந்தப் பொய்யைக்கூட அவளுக்கு மிச்சம் வைக்கவில்லையே என்று தோன்றியது. அப்போதுதான் வேகமாக நடக்க ஆரம்பித்தேன் என்று நினைக்கிறேன்.

அம்மா அதே பெஞ்சில் இருந்தாள். மடியில் பை. எதிரில் ஒரு பாதுகாவலர் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தார்.

"இவங்கதான் பைய விட்டுட்டுப் போனதா?" என்று அம்மாவிடம் கேட்டார், என்னைக் காட்டி.

"பைய யாரும் விட்டுட்டுப் போகலைங்க" என்றாள் அம்மா. "பைக்குத்தான் நான் இருக்கேனே."

அவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனார். நான் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு வாங்கியது. சொல்வதற்கு எதையும் ஒப்பித்து வைத்திருக்கவில்லை.

"யாரு வருவீங்கன்னு பாத்துட்டிருந்தேன்" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. "உன் ரோட்லதான் ஜாம்னு பேசிக்கறாங்க, அவன் பஸ்ஸு நல்ல ரோட்ல போயிருக்கும். நீதான் வருவேன்னு நினைச்சேன்."

"அம்மா, நான்..."

"இன்னைக்கு ரொம்ப நேரம் உள்ளேயே நின்னேன். ரெண்டு பேருக்கும் ஏதோ பேச்சு இழுத்துட்டு இருந்துதில்ல? யாரு போறதா இருந்தாலும் நிதானமாப் போகட்டும்னு. கை கழுவற எடத்துல ஒரு பொம்பளை, என்னம்மா உடம்பு சரியில்லையான்னு கேட்டா. இல்லம்மா, புள்ளைங்க கிளம்பட்டும்னு நிக்கறேன்னேன்."

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது, இத்தனை வருஷமாக அவள் சொன்ன "ஓ" எல்லாம் வரிசையாகக் காதில் கேட்டன.

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்கடி வருது பாத்ரூம்? அவன் சட்டைய அன்னைக்குப் பிடிச்சு வெச்சு, எல்லாரும் பாத்து, அவனுக்கு மானமே போச்சு. அப்புறம் உங்களுக்கு வசதியா இருக்கட்டும்னுதான் எழுந்து போவேன். ஒவ்வொரு தடவையும் அங்க போய்ச் சும்மா நின்னுட்டு வருவேன்."

என் போன் அதிர்ந்தது. அண்ணன். எடுத்ததும், "அடுத்த ஸ்டாப்புல இறங்கறேன், திரும்பி வர பஸ் பிடிக்கறேன், அம்மா இருக்காளா, சொல்லு" என்று மூச்சு விடாமல் கொட்டினான். அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். அவளுக்குக் காது மந்தம் என்பதால் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"வராத. கூட்டத்துல சிக்கிக்குவ. வீட்டுல பிள்ளை காத்திருக்கும். போ."

"அம்மா..."

"புது வருஷத்துக்கு நானும் ஒரு தீர்மானம் எடுத்திருக்கேன். கேட்டுக்கோ. இனிமே நான் பாத்ரூம் போறதா இல்ல. போறவங்க சொல்லிட்டுப் போங்க. சட்டையப் பிடிக்க மாட்டேன், பயப்படாத. எனக்கும் இப்ப கையில அவ்வளவு தெம்பு இல்ல."

எல்லோருக்கும் இடது வலது சொல்லும் மாஸ்டருக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

"இப்ப சொல்லு" என்றாள் அம்மா.

"போயிட்டு வரேம்மா" என்றான். குரல் பாதியில் உடைந்தது. எனக்கு நினைவு தெரிந்து அவன் குரல் உடைந்து நான் கேட்டதில்லை.

"ம். போயிட்டு வா" என்று சொல்லி, போனை என்னிடம் கொடுத்தாள். எங்கே அமுக்கி நிறுத்துவது என்று அவளுக்குத் தெரியாது. நான் நிறுத்தினேன்.

அடுத்த பேருந்துக்கு வெகுநேரம் நின்றோம். ஏறி உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மருந்து நினைவுக்கு வந்தது. பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்தேன். ஆயிரக்கணக்கான பைகளின் உள்ளே பார்த்தவள், அம்மாவின் பையை அன்றைக்குத்தான் திறந்தேன். மருந்துக் குப்பிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையில், வெள்ளைச் சட்டைப் பொத்தான் ஒன்று இருந்தது. அதை அப்படியே விட்டு ஜிப்பை மூடினேன்.

அம்மா தலையைப் பின்னால் சாய்த்தாள். இமையைக் கீழே இழுத்து ஒவ்வொரு கண்ணிலும் ஒரு சொட்டு விட்டேன். கண்களை மூடிக்கொண்டாள். மருந்து கன்னத்தில் வழிந்தது. என் கைக்குட்டையால் துடைத்தேன்.

"கொஞ்ச நேரம் மூடியே இருக்கணும்" என்றேன்.

"தெரியும். நீ என்ன சொல்ல வந்த?"

"எப்ப?"

"அவன்கிட்ட என்னமோ சொன்னியே. என்கிட்ட சொல்லாமதானே எழுந்து போன. இப்ப என்கிட்ட சொல்லு."

பேருந்து கிளம்பியது. அம்மாவின் மூடிய கண்களைப் பார்த்தேன். இவ்வளவு பக்கத்தில், திரும்ப என்னைப் பார்க்காத அந்த முகத்தை நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. இமை மேல் தோல் மெலிந்துபோயிருந்தது. புருவத்தில் ஒன்றிரண்டு முடிதான் மிச்சம். திட்டு வாங்கத் தயாராக இருக்கும் பிள்ளையின் முகம் மாதிரி இருந்தது.

"உன்னை வெச்சுக்க முடியாதுன்னு சொன்னேன்" என்றேன்.

"ம்."

"நீ என்னைப் பாத்துட்டே இருக்கம்மா. அது என்னால முடியல. நீ பாக்கறப்ப, நான் ஏதோ செய்யணும், செய்யாம உக்காந்திருக்கேன்னு இருக்கு. அவர் போனதுக்கு நான் அழல. அழுதா எல்லாரும் நிம்மதியாப் போயிடுவீங்க. எனக்கு வரல. ஒண்ணுமே வரல. அதையும் நீ பாத்துட்டிருக்க."

மருந்துக் குப்பியின் மூடி கைநழுவி இருக்கைக்கு அடியில் உருண்டு போயிற்று. நான் தேடவில்லை.

அம்மா கண்ணைத் திறக்கவில்லை. "நான் அதுக்குப் பாக்கலடி" என்றாள். "அவன் வீட்டுல நிறைய பேர். யாரையாவது பாத்துட்டே இருக்கலாம். உன் வீட்டுல நீ மட்டும்தான் இருக்க. வேற யாரைப் பாப்பேன்?"

மூடி இல்லாத குப்பியைப் பையின் ஓரத்தில் நிமிர்த்தி வைத்தேன். "சரி, இனிமே பாக்கல" என்றாள். அவ்வளவுதான்.

பேருந்து நின்று நின்று நகர்ந்தது. முன்னால் யாரோ பிள்ளைக்குக் கதை சொன்னார்கள். மருந்துக்குத் தேவையான நேரம் எப்போதோ முடிந்துவிட்டது. அம்மா கண்ணை மூடியபடியே இருந்தாள். தூங்குகிறாளோ என்று நினைத்தேன், ஆனால் அவள் கை பையின் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தது. வளைவுகளில் வெளிச்சம் முகத்தில் விழுந்தபோது இமைகள் துடித்தன. திறக்கவில்லை. என்னைப் பார்க்காமல் இருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய வேலை என்று பார்த்துக்கொண்டே வந்தேன்.

மூக்குதான் முதலில் ஒழுகியது. ஏசி என்று நினைத்தேன். துடைத்தேன். மறுபடி ஒழுகியது. பிறகு தொண்டையில் ஏதோ இடறி ஒரு சத்தம் வந்தது, எனக்கே அசிங்கமாக இருந்தது. பக்கத்து வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டேன். அதில் அம்மாவின் கண் மருந்து வாடை அடித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அம்மா தடவித் தடவி என் முழங்கையைக் கண்டுபிடித்தாள். பிடிக்கவில்லை, அதன் மேல் கையை வைத்தாள்.

நிறைய தூரம் அப்படியே போனோம்.

"தொறக்கலாமா?" என்று கேட்டாள் அம்மா.

"இன்னும் கொஞ்ச நேரம்மா" என்றேன்.